அண்ணாச்சியை யாரும் கடத்தவில்லை

இப்படி நெருங்கி உக்காரும்மா. பெட்டியைக் காலுக்கடியில தள்ளு, மடியை இடிக்குது பாரு. இந்த பஸ்சு இரைச்சல்ல நான் கத்தினேன்னா முன்சீட்டுக்காரன் ஓசியில கேப்பான். அவனுக்கு எதுக்கு? உனக்கு மட்டும் சொல்லுதேன்.

காலை விமானத்துலதானே வந்தே? பெட்டியில சீட்டு ஒட்டியிருக்கே, அதான் கேட்டேன். நீ மேல பறந்து வாரப்போ, இது இன்ன விமானம்னு கீழ இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நினைக்கே? யோசிச்சிருக்கமாட்டே. தூங்கியிருப்பே. எல்லாரும் அப்படித்தான். சோத்தைத் தின்னமா தூங்கினமான்னு வந்து இறங்கிட்டு, விமானத்துக்கு வழி சொல்லுற கோபுரத்தை ஒரு பார்வைகூடப் பாக்காமப் போறது.

நான் அந்தக் கோபுரத்துல உச்சி மாடியில பதினோரு வருசம் வேலை பாத்தவ. பேரு சண்முகக்கனி. கனியக்கான்னா விமானம் ஓட்டுறவனுக்குக்கூடத் தெரியும். டீ போடுறது, கூட்டுறது, கண்ணாடி துடைக்கிறது. உச்சி மாடி சுத்திலும் கண்ணாடி பாத்துக்கிடு, ஒரு கோடு விழாமத் துடைக்க என்னை விட்டா ஆள் கிடையாது. போன ஐப்பசியில இருந்து என்னை மேல வரக்கூடாதுன்னுட்டாங்க. டீயைக் கீழேயே கொடு, கூரைக்குக் கீழ கொடு, விமானத்துக்குப் பக்கத்துலயே போகாதேன்னு சட்டம். காரணம்? பொறாமைதான். வேற என்ன? நீ முழுசாக் கேட்டுட்டு நீயே சொல்லு.

மேல ஒரு திரை இருக்கும். அதுல விமானம் எல்லாம் புள்ளி புள்ளியாத் தெரியும். புள்ளியில என்ன பேரா எழுதியிருக்கு? எல்லாப் புள்ளியும் ஒண்ணுபோலத்தான். அதனால கீழ இருந்து ஒவ்வொரு விமானத்துக்கும் நாலு இலக்கத்துல ஒரு நம்பர் சொல்லுவாங்க. விமானத்துல ஒரு சின்னப் பெட்டி, அதுல நாலு குமிழ். சொன்ன நம்பரைத் திருப்பி வச்சான்னா, இங்க அந்தப் புள்ளி பக்கத்துல நம்பர் வந்து நிக்கும். சரி, இது இன்னார்னு தெரிஞ்சுபோவும். அதுக்கு மேல சந்தேகம்னா இன்னொரு பட்டன் இருக்கு. "அமுக்கு"ன்னு இங்க இருந்து சொன்னா, அவன் அமுக்குவான், அவன் புள்ளி மட்டும் பளிச்சுன்னு பூத்து அடங்கும். பள்ளிக்கூடத்துல பேரு கூப்பிட்டா "உள்ளேன் ஐயா"ன்னு கையைத் தூக்குவோம்லா, அது மாதிரி.

இன்னொண்ணு சொல்லுதேன். அந்தக் குமிழ்ல சைபர்ல இருந்து ஏழு வரைக்கும்தான் உண்டு. எட்டு கிடையாது, ஒன்பது கிடையாது. ஏன்னு கேட்டதுக்கு இன்ஜினியர் என்னமோ கணக்குச் சொன்னாரு. எனக்குத் தெரியாதா காரணம்? எட்டு சனியோட நம்பரு. அதை வச்சுக்கிட்டு யாராவது ஆகாயத்துல போவானா? பெட்டி செஞ்சவன் நல்லா விசாரிச்சுத்தான் செஞ்சிருக்கான்.

"அப்போ ஒன்பதை ஏன்க்கா விட்டான்?"ன்னு கேட்டா ரெக்சி பாப்பா.

"எட்டைத் தாண்டாம ஒன்பதுக்கு எப்படிப் போறது?"ன்னேன்.

சிரிச்ச சிரிப்புல அவ தலையில மாட்டியிருந்த மைக்கு கழண்டு விழுந்துட்டு.

அவதான் ரெக்ஸலின். கடற்கரைப் பிள்ளை. அப்பா கட்டுமரக்காரரு. ஆளு என் தோள் உயரம்தான் இருப்பா, நாற்காலியில ரெண்டு தலையணை போட்டாத்தான் கீழே ஓடுபாதை தெரியும். விமானத்தோட பேசுற வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆயிருந்துச்சு. குரலு இருக்கே, குழந்தைக்குச் சோறு ஊட்டுற மாதிரி இருக்கும். எவ்வளவு பெரிய விமானமும் சொன்னபடி கேக்கும்.

அவளுக்கு மேல நீலமேகம் சார். அவரு கையில எப்பவும் சிவப்பு அட்டைப் புத்தகம் ஒண்ணு இருக்கும், ஒழுங்குமுறைப் புத்தகம். அதுல எழுதியிருந்தாத்தான் தும்முவாரு. கெட்ட மனுசன் இல்லை. மழை பெய்யுதா சார்னு கேட்டா கண்ணாடி வழியாப் பாக்கமாட்டாரு, மழைன்னா என்னன்னு பக்கத்தைப் புரட்டுவாரு, அவ்வளவுதான். வாசிக்கிறதுல அவருக்கு ஒரு பிரியம். கோயில் மண்டபத்துல வாசிக்கிற மாதிரி நெஞ்சை நிமித்தி வாசிப்பாரு.

மூணாவது ஆளு தங்கப்பழம் அண்ணாச்சி. உப்பளம் வச்சிருக்காரு. வயசு நாப்பத்தெட்டு, எடை நூத்திப் பன்னிரண்டு கிலோ. ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிற கிளப்பு ஒண்ணு இருக்கு. அதுல காலேஜ் பிள்ளைங்களுக்கு நடுவுல இவரும் சேர்ந்துட்டாரு. சின்ன வயசுல இருந்து ஆசையாம். பாத்தியில நின்னு உப்பு வாரும்போதெல்லாம் மேல போற விமானத்தைப் பாத்துப் பாத்துக் கழுத்து சுளுக்கிக்குமாம். வீட்டுக்காரம்மா சொர்ணக்கிளிக்கிட்ட சொல்லலை. சுகருக்கு நடக்கப் போறேன்னு சொல்லிட்டு, பத்து மாசமாப் பறந்துக்கிட்டு இருந்தாரு மனுசன்.

போன ஐப்பசியில ஒரு நாள், அன்னைக்குத்தான் அவரு முதமுதல்ல தனியா வெளியே போயிட்டு வரணும். இத்தனை நாளும் பக்கத்து சீட்டுல கேப்டன் துரைபாபு உக்காந்திருப்பாரு. அன்னைக்கு அவரு இறங்கிக்கிட்டாரு. "உப்பளத்துக்கு மேல ரெண்டு சுத்து சுத்திட்டு வாங்க அண்ணாச்சி"ன்னாரு.

அன்னைக்குக் காலையில அண்ணாச்சி நான் டீ போடுற பக்கம் வந்தாரு. "கனியக்கா, பயமா இருக்கு"ன்னாரு. பாவமா இருந்துச்சு. இஞ்சி தட்டி, கருப்பட்டி கொஞ்சம் கூடவே போட்டு, பிளாஸ்க்குல ஊத்திக் கொடுத்தேன். "விமானத்துல எதுவும் கொண்டுபோகக் கூடாதுன்னு கேப்டன் சொல்லியிருக்காரு"ன்னாரு. "அவரு கிடக்காரு, மடியில வச்சுக்கிட்டு மேல போய் ஆற அமரக் குடிங்க"ன்னேன். பிளாஸ்க்கு மூடியில ரப்பர் வளையம் போயிருந்துச்சுதான். அதுக்கென்ன? துணி போட்டு இறுக்கிக் கட்டித்தான் கொடுத்தேன். எதையும் அரைகுறையாச் செய்யுற பழக்கம் எனக்கு இல்லை.

போனாரு. அவரோட நம்பரு ரெண்டு, அஞ்சு, சைபர், சைபர். திரையில புள்ளி பக்கத்துல அது நின்னுது. உப்பளத்துக்கு மேல அழகா வட்டம் போட்டாரு. நான் கண்ணாடி துடைக்கிற சாக்குல பாத்துக்கிட்டேதான் இருந்தேன். சுமார் பதினோரு மணி. கடல் பக்கம் மட்டும் கருப்பா மேகம் ஏறுது.

"அண்ணாச்சி, மேகம் வருது, திரும்பி வாங்க"ன்னு ரெக்சி கூப்பிட்டா. அண்ணாச்சிக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது, அதனால அவருகிட்ட மட்டும் பாதித் தமிழ்லதான் பேசுவா. பதில் இல்லை. ரெண்டாந்தடவை கூப்பிட்டா. பதில் இல்லை.

அப்புறம் பாத்தா அந்த நம்பரு மாறுது. ஏழு, அஞ்சு, சைபர், சைபர்.

அடிச்சுது பாரு அபாய மணி! நான் கையில இருந்த துணியைப் போட்டுட்டேன். திரையில அந்தப் புள்ளி சிவந்துபோச்சு.

சொல்ல மறந்துட்டேன். மூணு நம்பரு இருக்கு, கெட்ட நம்பரு. எழுபத்தாறுல ஆரம்பிச்சா பேசுற கருவி போச்சுன்னு அர்த்தம். எழுபத்தேழுன்னா உயிருக்கு ஆபத்து. எழுபத்தஞ்சுன்னா கடத்தல். கத்தியைக் காட்டி, துப்பாக்கியைக் காட்டி விமானத்தைக் கடத்துறான்லா, அது.

"கடத்தல்!"ன்னு எந்திரிச்சாரு நீலமேகம் சார்.

"சார், இல்லை சார்," ரெக்சி கையைப் பிடிக்காத குறை. "அவருக்கு மைக் போயிருக்கு. எழுபத்தாறு வைக்கப் பாத்திருக்காரு. ரெண்டு அஞ்சுல இருந்து முதல் குமிழை ஏழுக்குத் திருப்பினா, நடுவுல ஏழு அஞ்சுதானே சார் வரும்? ரெண்டாவது குமிழைத் திருப்புறதுக்குள்ள மணி அடிச்சிருச்சு. பாருங்க, பாருங்க, இப்பம் மாறிடும்."

நாலு எண்ணுற நேரத்துல மாறிட்டு. ஏழு, ஆறு, சைபர், சைபர். சொன்ன மாதிரியே.

சார் புத்தகத்தைத் திறந்துட்டாரு. "பக்கம் நாப்பத்தொண்ணு. 'கடத்தல் எண் ஒருமுறை தென்பட்டால், பின்னர் எண் மாறினாலும், விமானி தன் வாயால் மறுத்து உறுதி கூறும்வரை கடத்தலாகவே கருதப்படும். ஓடுபாதை மறிக்கப்படும்.'"

"சார், அவருக்கு வாய்தானே சார் போச்சு!"

"அதுக்கு நான் என்ன செய்யுறது?"

"ரெண்டு சீட்டு விமானம் சார். ஒத்தையாப் போயிருக்காரு. அவரை யாரு சார் கடத்துறது? அவரை அவரேவா?"

"அது புத்தகத்துல இல்லை"ன்னு சொல்லிட்டு வாக்கி டாக்கியை எடுத்து உத்தரவு போட்டுட்டாரு. தீயணைப்பு வண்டி ரெண்டும், தண்ணி லாரி ஒண்ணும் போய் ஓடுபாதைக்கு நடுவுல குறுக்க நின்னுக்கிடுச்சு. துப்பாக்கிப் போலீஸ் எட்டுப் பேரு ஓடி வந்து உப்புக்காத்துல மணல் மூட்டைக்குப் பின்னால படுத்துக்கிட்டாங்க. எனக்கு ஒரே பரபரப்பு. கல்யாண வீடு மாதிரி ஆயிட்டு. இத்தனை பேருக்கும் டீ போடணுமேன்னு அடுப்பைப் பத்தவச்சேன்.

ரெக்சி மைக்கைப் பிடிச்சா. "அண்ணாச்சி, நான் பேசுறது கேக்குதா? கேட்டா அந்தப் பட்டனை அமுக்குங்க."

புள்ளி பளிச்சுன்னு பூத்துச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

"வாய் போனாலும் காது இருக்கு சார்!"ன்னு துள்ளினா. "அண்ணாச்சி, ஆமாம்னா அமுக்குங்க, இல்லைன்னா சும்மா இருங்க. தனியாத்தானே இருக்கீங்க?"

பளிச்.

"கடத்தினவன் அமுக்கச் சொல்லியிருப்பான்"ன்னாரு சாரு.

"பெட்ரோல் கால்வாசிக்குக் கீழ வந்துட்டா?"

பளிச். ரெக்சி முகம் சுருங்கிட்டு. கடல் பக்கம் பாத்தா. மேகம் உப்பளத்தோட அந்த ஓரத்துக்கு வந்தாச்சு. மழைக்குள்ள போயிட்டா முதல் தடவை தனியாப் போறவருக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாது. இன்னும் இருபது நிமிசம், மிஞ்சிப்போனா இருபத்தஞ்சு. அதுக்குள்ள அவரு தரையில இருக்கணும். தரையிலயோ வண்டி நிக்குது.

"மைக் நனைஞ்சிருச்சா அண்ணாச்சி?"

பளிச்.

"மழையா?"

ஒண்ணும் இல்லை.

ரெக்சி கொஞ்சம் யோசிச்சா. "டீயா?"

பளிச், பளிச்! ரெண்டு தடவை!

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாரு. உயிரு ஊசலாடுது, பெட்ரோல் தீருது, அந்த நேரத்துலயும் மனுசனுக்கு என் டீ ஞாபகம். ரெக்சி மெதுவாத் திரும்பி என்னையே பாத்தா. கண்ணைச் சிமிட்டாமப் பாத்தா. எனக்குப் புரிஞ்சுபோச்சு. அவளுக்கும் ஒரு கிளாஸ் ஊத்தி முன்னால வச்சேன். குடிக்கலை, பாவம், வேலை மும்முரம்.

பின்னால கேப்டன் துரைபாபு சொன்னாரு, அந்த விமானத்துல மைக்கு ஓட்டையெல்லாம் பிசுபிசுன்னு இருந்துச்சாம், குமிழைச் சுத்தி எறும்பு ஊர்ந்துச்சாம். நான் சொன்னேன், அண்ணாச்சிக்குச் சுகர் இருக்குல்லா, அவரு உக்காந்த இடத்துல எறும்பு வரத்தான் செய்யும்னு. அவரு தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு. படிச்சவங்களுக்கு இந்த மாதிரி விசயம் புரியாது.

சரி, கதைக்கு வாரேன். கண்டக்டரு போயிட்டானா? சில்லறை கேப்பான்.

ரெக்சி கிளப்புக்குப் போனைப் போட்டா. "கேப்டன், உங்க சின்ன விமானம் ஒரு ஆளோட எவ்வளவு வேகமா மேல ஏறும்? ரெண்டு ஆளோட எவ்வளவு?" அவரு சொன்னாரு. ஒரு ஆள்னா நிமிசத்துக்கு எழுநூறு அடி, ரெண்டு ஆள்னா ஐநூறு தாண்டாது. ரெக்சிக்கு முகம் மலந்துட்டு. அந்தப் பெட்டி உயரத்தையும் சேர்த்து அனுப்பும் பாத்துக்கிடு, திரையிலேயே தெரியும். "சார், தராசு மாதிரி நிறுத்துக் காட்டுறேன். அண்ணாச்சி, ஒரு நிமிசம் முழு மூச்சா மேல ஏறுங்க!"

எல்லாரும் திரையைப் பாக்கோம். சாரு கைக்கடிகாரத்தைப் பாக்காரு. ஏறுது, ஏறுது, மூச்சு வாங்கி மூச்சு வாங்கி ஏறுது. நிமிசம் முடிஞ்சுது. நானூத்தி எம்பது அடி.

"ரெண்டு ஆள்!"ன்னு மேசையில அடிச்சாரு நீலமேகம் சார். "பக்கத்துல ஒருத்தன் இருக்கான்!"

போன்ல கேப்டன் கத்துறது எனக்கே கேட்டுச்சு: "ஏம்மா, அண்ணாச்சியே ரெண்டு ஆள்தான்மா! நானும் அவரும் சேர்ந்து போனா விமானம் மூணு பேரைத் தூக்குற மாதிரி முனகும்!"

நான் சிரிச்சுட்டேன். என்ன செய்ய, சிரிப்பு வந்துட்டு. சாரு என்னை முறைச்சாரு. அண்ணாச்சியோட எடை எந்தப் பக்கத்துலயும் எழுதலையாம்.

இன்னும் பதினெட்டு நிமிசம்தான் பாக்கி.

ரெக்சி ரெண்டு தலையணைக்கு மேலேயும் எந்திரிச்சு நின்னா. "சார், இப்படி வச்சுக்கிடுவோம். அண்ணாச்சிக்கு மட்டும் தெரிஞ்ச நம்பர் ஒண்ணு கேக்குறேன். எல்லாம் நல்லபடியா இருந்தா சரியான நம்பரை வைக்கட்டும். கழுத்துல கத்தி இருந்தா தப்பான நம்பரை வைக்கட்டும். பக்கத்துல இருக்கிறவனுக்கு எது சரி எது தப்புன்னு எப்படித் தெரியும்?"

நீலமேகம் சாருக்கே அது பிடிச்சுப்போச்சு. தலையை ஆட்டினாரு. "புத்தகத்துல இல்லை. ஆனா இருந்திருக்கலாம்."

"அண்ணாச்சி! உங்க கல்யாணத் தேதி. நாள் ரெண்டு இலக்கம், மாசம் ரெண்டு இலக்கம். திருப்புங்க!"ன்னு சொல்லிட்டு, இந்தக் கையில அண்ணாச்சி வீட்டுக்குப் போனைப் போட்டா. சொர்ணக்கிளி எடுத்தா.

"அக்கா, உங்க கல்யாணத் தேதி என்னக்கா?"

"எதுக்கு? யாரு நீ?"

"விமான நிலையத்துல இருந்து பேசுறேங்க்கா. அண்ணாச்சி மேல பறந்துக்கிட்டு இருக்காரு. இறங்கணும்னா தேதி வேணும்."

"எங்க வீட்டுக்காரரா? அவரு சுகருக்கு நடக்கல்லா போயிருக்காரு!"

"இன்னைக்குப் பறந்துட்டாருக்கா."

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் விழுந்து உருளுற சத்தம். பெறகு சொர்ணக்கிளி சொன்னா, "ஆகஸ்ட் இருபத்தொம்பது."

ரெக்சி நெத்தியில அடிச்சுக்கிட்டா. நானும் அடிச்சுக்கிட்டேன். ரெண்டு, ஒன்பது, சைபர், எட்டு. ஒன்பதுக்கும் எட்டுக்கும் குமிழ் எங்க இருக்கு? நான்தான் முதல்லயே சொன்னேனே, சனின்னு.

திரையைப் பாத்தா அங்க அண்ணாச்சி படாதபாடு படுறாரு. ரெண்டு வந்து நின்னுட்டு. அடுத்த இலக்கம் ஆறு, ஏழு, சைபர், ஒண்ணு, மறுபடி ஆறு, ஏழு, சைபர். ஒன்பதைத் தேடிச் சுத்துறாரு, சுத்துறாரு, திருவிழா ராட்டினம் மாதிரி. கடைசி இலக்கமும் அப்படியே சுத்துது.

"பாத்தியா? கல்யாணத் தேதி தெரியலை," சாரு பெருமூச்சு விட்டாரு. "இது அவரு இல்லை."

"சார், எட்டும் ஒன்பதும் இல்லை சார் அதுல!"

"அப்ப நீ ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டே?"

ரெக்சி உதட்டைக் கடிச்சுக்கிட்டா. போனுக்குள்ள சொர்ணக்கிளி சத்தம்: "எம்மா, அவருக்குத் தேதி ஞாபகம் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லு!"

"ஞாபகம் இருக்குக்கா. ஒன்பதைத் தேடித் தேடிச் சுத்துறாரு."

"சுத்துறாரா?" அவ குரலு உடைஞ்சுபோச்சு. "அப்ப இறக்கி விடும்மா. நல்லபடியா இறக்கி விடு. மத்ததை நான் வீட்டுல பாத்துக்கிடுதேன்."

பதினோரு நிமிசம்தான் பாக்கி. மேகத்தோட முன் ஓரம் உப்பளத்து வெள்ளையை மறைச்சுட்டு. அண்ணாச்சி புள்ளி அதுக்கு முன்னால கோழிக்குஞ்சு மாதிரி ஓடி வருது.

இன்னொரு கேள்வி கேக்கலாம்தான். வீட்டு நம்பரு, லாரி நம்பரு. சாரு அதுக்கும் ஒண்ணு சொல்லியிருப்பாரு. ரெக்சி கேக்கலை. அவ திரையைப் பாக்கலை, கண்ணாடி வழியாவும் பாக்கலை. சாரு கையில இருந்த புத்தகத்தையே பாத்தா. நாப்பத்தொண்ணாம் பக்கத்துல அவரு பெருவிரலு இருந்துச்சு. சும்மா உக்காந்துட்டா பிள்ளை. சரி, மனசு விட்டுட்டான்னு நினைச்சேன். டீயை இன்னும் கொஞ்சம் பக்கத்துல நகர்த்தி வச்சேன்.

அவ மைக்கைப் பிடிச்சு மெதுவாப் பேசினா, தாலாட்டுற மாதிரி. "அண்ணாச்சி, தேதியை விட்டுடுங்க. பெட்ரோல் தீரப் போகுது, பின்னால மழை. உயிருக்கு ஆபத்துன்னு உங்களுக்குத் தோணுதா? உண்மையைச் சொல்லுங்க."

பளிச், பளிச், பளிச், பளிச்! விடாம அமுக்குறாரு.

"அப்ப உண்மையான நம்பரை வச்சிருங்க. முதல்ல ரெண்டாவது குமிழ், அதை ஏழுல வைங்க. அப்புறம் முதல் குமிழ், அதுவும் ஏழு. பின்னால ரெண்டும் சைபர். மெதுவா. நேரா ஓடுபாதையைப் பாத்து வாங்க."

பாத்தியா புத்தியை? இந்தத் தடவை எழுபத்தஞ்சு நடுவுல எட்டிப் பாக்காதபடி, எந்தக் குமிழ் முதல்லன்னு சொல்லிக் கொடுத்தா.

ஏழு, ஏழு, சைபர், சைபர். மறுபடி மணி! சாரு நாற்காலியில இருந்து அரை அடி எழும்பிட்டாரு.

"இது என்ன இது?"

"ஆபத்து சார். நிஜ ஆபத்து. இதுக்கு எந்தப் பக்கம் சார்?" ரெக்சி கண்ணை அகல விரிச்சுக்கிட்டுக் கேக்கா. "எனக்குப் பதட்டத்துல ஒண்ணுமே ஞாபகம் வரலை. கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன் சார். இந்த மணிச் சத்தத்துல கேக்காது, சத்தமா."

வாசிக்கச் சொன்னா விடுவாரா மனுசன்? எந்திரிச்சு நின்னாரு. பக்கத்தைப் புரட்டினாரு. நெஞ்சை நிமித்தினாரு. "பக்கம் நாப்பத்தாறு! 'ஆபத்து எண் தென்பட்ட கணமே, ஓடுபாதையில் உள்ள எல்லா வாகனங்களும், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், உடனடியாக வெளியேறி ஓரத்தில் தயார்நிலையில் நிற்க வேண்டும்! அவ்விமானம் தரையிறங்கும்வரை மற்ற ஒழுங்குகள் யாவும் நிறுத்திவைக்கப்படும்!'"

என்ன குரலு, என்ன குரலு! கண்ணாடியெல்லாம் அதிருது. இன்னொரு தடவை வாசிங்க சார், 'உடனடியாக'ங்கிற இடம் சரியாக் கேக்கலைன்னா ரெக்சி. இன்னொரு தடவை வாசிச்சாரு, முன்னைவிடச் சத்தமா.

வாசிச்சு முடிச்சு நிமிந்தாரு. கீழ பாத்தா, தீயணைப்பு வண்டி ரெண்டும் புழுதி கிளப்பிக்கிட்டு ஓரத்துக்குப் பறக்குது. தண்ணி லாரி தளும்பித் தளும்பிப் பின்னாலயே ஓடுது. ஓடுபாதை துடைச்சுவிட்ட தாம்பாளம் மாதிரி கிடக்கு.

"யாரு போகச் சொன்னது அவங்களை?"ன்னு சாரு கேக்காரு.

அதுக்குள்ள அண்ணாச்சி வந்துட்டாருல்லா! மேகத்தை முதுகுல சுமந்துக்கிட்டு, இப்படிச் சாஞ்சு, அப்படிச் சாஞ்சு, ஒரு குதி, ரெண்டு குதி, மூணாவது குதியில விமானம் முனகுனது மாடிக்கே கேட்டுச்சு. நின்னுட்டாரு. போலீஸ் எட்டுப் பேரும் துப்பாக்கியோட ஓடிப் போய்க் கதவைத் திறந்தா, உள்ள அண்ணாச்சி மட்டும். ரெண்டு சீட்டுலயும் அவருதான் இருந்தாரு. கையில என் பிளாஸ்க்கு. அப்புறம் பெஞ்சுது மழை! நான் குதிச்சேன், போன்ல சொர்ணக்கிளி அழுவுறா, திட்டுறா, சிரிக்கா.

இவ்வளவுக்கும் அறிக்கையில என் பேரு ஒரு வரி கிடையாது. அந்த அமளியில அத்தனை பேருக்கும் டீ போட்டது யாரு? அதை விடு.

நீலமேகம் சாரு மட்டும் புத்தகத்தோட அப்படியே நிக்காரு. "நான் உத்தரவு போடலை. நீயும் போடலை. எனக்குத் தெரியாம என் வண்டிங்களுக்கு உத்தரவு போட்டது யாரு?"ன்னு திரும்பத் திரும்பக் கேக்காரு.

அப்பத்தான் பாத்தேன். மேசைக்குக் கீழ, மடியில, சாரோட வாக்கி டாக்கியை ரெக்சி பாப்பா வச்சிருந்தா. பேசுறதுக்கு அமுக்குற பட்டன் மேல அவ கட்டைவிரலு அழுந்தி அழுந்தி வெளுத்துப் போயிருந்துச்சு. அவரு வாசிக்க ஆரம்பிச்சதுல இருந்து எடுக்கவே இல்லை போல. இப்பம் மெதுவா எடுத்தா. வாக்கி டாக்கியைத் தாவணி மாதிரி போட்டிருந்த துணியில ஒரு துடை துடைச்சா, ரெண்டு கையாலயும் சாரு முன்னால பவ்வியமா வச்சா.

"நீங்கதான் சார்"ன்னா.